பின்சீட்டுப் பாரம்

கிடங்கில் அவனுக்குப் பெயர் பாரம். லாரியில் மூட்டை அடுக்குவதில் அவன் வைத்ததுதான் சட்டம். எந்த மூட்டை எங்கே உட்கார்ந்தால் வண்டி மேட்டில் திணறாது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான். வீட்டில் அந்தச் சட்டம் செல்லுபடியாகாது. அங்கே ஸ்டியரிங் மனைவியின் கையில். நிஜமாகவே அப்படித்தான். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.

வம்பு தொடங்கியது அவள் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அண்ணன் பெயிண்ட் கடைக்காரர். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்து, கல்யாணமும் செய்து வைத்தவர்.

"போதும்மா நீ வேன் ஓட்டுனது. இடுப்பு வலிக்குதுன்னு நீயே சொல்ற. கடையில வந்து உக்காரு. ஃபேனுக்கு நேர் கீழ நாற்காலி போட்டுத் தர்றேன்."

அந்த அண்ணனிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. வேனை விட்டுவிட்டு நாற்காலியில் உட்காரவும் மனம் வராது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஏண்ணே, ஞாயித்துக்கிழமை ரேஸுக்குப் போறியே, அங்க நான் உன்னை ஜெயிச்சா இந்தப் பேச்ச விட்டுடுவியா?"

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. "எதுல? உன் வீட்டுக் கார்லயா?"

"அதேதான்."

"சரி, ரெண்டு ஓட்டம். ஒண்ணுல ஜெயிச்சாலும் நான் வாயத் திறக்க மாட்டேன். ரெண்டுலயும் தோத்தா வேன் சாவியக் குடுத்துட்டுக் கடைக்கு வந்துடணும். மாப்ளே, நீங்க சாட்சி."

பாரம் தலையாட்டினான். சாட்சி சொல்வதைத் தவிர அந்த மேசையில் அவனுக்கு வேறு வேலை இருந்ததில்லை.

ரேஸ் என்றால் பெரிய கூத்து ஒன்றும் இல்லை. ஊருக்கு வெளியே விமானங்கள் கைவிட்ட பழைய ஓடுதளம். நேர்கோடாகக் கிடக்கும் அந்த ரோட்டில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பி, அந்தக் கடைசியில் போட்ட கோட்டை முதலில் யார் தாண்டுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. சொந்தக் கார் வைத்திருக்கும் யாரும் ஓட்டலாம்.

அண்ணனுடையது பெரிய இன்ஜின் வைத்த பழைய கார், பின்சக்கரம் தள்ளும். தங்கையுடையது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் சின்னக் கார், ஒரு திருகாணிகூட மாற்றியதில்லை. முன்சக்கரம்தான் இழுக்கும். ஆனால் இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி ஊதும் டர்போ அதில் உண்டு. கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டால் பிறகு வாலில் நெருப்பு வைத்தது போலப் போகும்.

வரிசையில் நிற்கும்போது பாரம் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான்.

"நீங்க எதுக்குங்க?"

"பாரம் வேணாமா? பின்னாடி வெயிட் இருந்தாத்தான் சக்கரம் ரோட்டப் பிடிக்கும். எத்தனை லாரி பாத்திருக்கேன்! நீ பச்சை விழுந்ததும் ஒரே மிதியா மிதி."

வீட்டுக் கார்களில் இன்னொருவர் உட்காரலாம், தலைக்கவசமும் பெல்ட்டும் போட்டால் சரி என்று அங்கே ஒரு விதி இருந்தது. கொடி பிடிக்கிற பெண் குனிந்து அவனைப் பார்த்துவிட்டு, "ஒருத்தர்தானே? பார்க்க ரெண்டு பேர் மாதிரி இருக்கீங்களே!" என்றாள். பாரம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

பச்சை விழுந்தது. அவள் ஒரே மிதியாக மிதித்தாள்.

காரின் மூக்கு மேலே எழும்பியது. முன்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே கீச்சென்று சுழன்றன. ரப்பர் கருகிய நாற்றம் உள்ளே வந்தது. பக்கத்தில் அண்ணனின் கார் யானை போல ஒரு முறை பிளிறிவிட்டுப் போயே போய்விட்டது. இவர்கள் கோட்டைத் தாண்டும்போது அவர் காரை விட்டு இறங்கி சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, நடந்து வந்தீங்களா?"

அடுத்த ஓட்டத்துக்குத் திரும்பி வரும் வழியில் கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்தான் பாரம். ஒவ்வொரு விடியலிலும் அவனுக்கு முன்னால் எழுந்து, குளிரில் வேனைத் துடைத்து, ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற கண். கிடங்கில் அவன் முழங்கால் நசுங்கி வேலையில்லாமல் படுத்துக்கிடந்த காலத்தில், அந்த வேன்தான் வீட்டில் உலையேற்றியது. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்கு அவன் செய்த கைமாறு இதுதானா? பின்சீட்டில் மலை மாதிரி உட்கார்ந்து தோற்கடித்தது?

அப்போதுதான் உறைத்தது. கிடங்கில் தள்ளுவண்டியின் வால் பக்கம் மூட்டையை அடுக்கினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். அது நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். லாரிக்குப் பின்சக்கரம் தள்ளுகிறது, அங்கே பின்பாரம் சரி. இந்தக் காருக்கு முன்சக்கரம் அல்லவா இழுக்கிறது!

"நிறுத்து, நிறுத்து. நான் இறங்குறேன்."

"ஏன், கோவமா?"

"கோவமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. மூக்கத் தூக்கி விட்டதே நான்தான். வாழ்நாள் பூரா மூட்டை அடுக்குனவன், கடைசில தப்பான இடத்துல நானே மூட்டையா உக்காந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

இறங்கியவன் சும்மா இருக்கவில்லை. டர்போ கார் சூடானால் சோர்ந்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து, ஓர் அட்டையைப் பிய்த்து இன்ஜினுக்கு விசிற ஆரம்பித்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"மாப்பிள்ளைக்குக்கூட இப்படி விசிற மாட்டாங்க சார்," என்றார் ஒருவர்.

"மாப்பிள்ளை வீட்டுல சும்மா கிடப்பான். இது உழைக்கிற வண்டி," என்றான் பாரம்.

அவள் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றாள். "ஒரே மிதின்னு சொன்னீங்களே, அதுவும் தப்புங்க. நான் வேனை அப்படியா எடுப்பேன்? கிளட்ச்ச சட்டுனு விட்டா புள்ளைங்க தலை போயி முன்சீட்டுல முட்டும். மடியில திறந்து வச்ச தண்ணி சிந்தாமத்தான் எடுத்துப் பழக்கம்."

"அப்ப அப்படியே எடு."

"ரேஸ்லயா?"

"எனக்கென்ன தெரியும்? நான் சொன்னதக் கேட்டுத்தான் ஒரு ஓட்டம் போச்சு. இனிமே உன் காலு சொல்றதக் கேளு."

அவன் கம்பி வேலியோரம் போய் நின்றான். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தூக்க ஒன்றுமில்லாமல் நிற்பது அவனுக்குப் பழக்கமில்லை.

பச்சை விழுந்தது. அண்ணனின் கார் பாய்ந்தது. இவளுடையது பிள்ளைகள் ஏறிய வேனைப் போல மெல்ல நழுவியது. புகை இல்லை, கீச்சு இல்லை. அண்ணன் ஒரு கார் நீளம் முன்னால் போய்விட்டார். வேலியைப் பிடித்த பாரத்தின் விரல்கள் வெளுத்தன. போச்சு, நாளைக்குக் கடைதான் என்று நினைத்தான்.

அடுத்த கியர் விழுந்ததும் சின்னக் கார் ஒரு பெருமூச்சு விட்டது. டர்போ விழித்துக்கொண்டது. சக்கரம் ஒரு அங்குலமும் வீணாக்காமல் ரோட்டைக் கவ்வியது. இடைவெளி பாதியானது, பிறகு கால்வாசியானது. கோட்டின்மேல் இரண்டும் ஒன்றாகவே போனது போல அவனுக்குத் தெரிந்தது. ஜெயித்தவர் பக்கத்தைக் காட்டும் பலகையில் விளக்கு எரிந்தது. அவள் பக்கத்து விளக்கு.

முழங்கால் வலியை மறந்து ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் தங்கையின் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தோற்ற களை அவர் முகத்தில் இல்லை.

"எப்படிம்மா எடுத்த? பக்கத்துல திரும்பிப் பாக்குறேன், உன் தலைகூட அசையல!"

"தினமும் அப்படித்தாண்ணே எடுக்குறேன். நீ ஒரு நாளும் என் வண்டியில ஏறுனதில்லையே." அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். "கோச்சுக்காதண்ணே. நீ நல்லதுக்குத்தான் சொன்ன. நீ இல்லாட்டி நான் ஏது? ஆனா அந்த வண்டி இல்லாட்டியும் நான் இல்லண்ணே."

அண்ணன் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். பாரம் அவர் தோளில் கை வைத்தான். நல்ல மனிதர்கள் நடுவில் வாழக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"சரி," என்றார் அண்ணன். "என் பேத்தி அடுத்த மாசம் பள்ளிக்கூடம் சேர்றா. யார் வண்டியிலயும் விட மனசில்லாம நானே கொண்டு விடலாம்னு இருந்தேன். உன் வேன்ல ஒரு சீட்டு இருக்குமா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு. ஆனா ஹாரன் அடிச்சதும் அவ வாசல்ல நிக்கணும். கடை முதலாளி வீட்டுப் புள்ளைன்னு காத்துக்கிட்டிருக்க மாட்டேன், ஆமா."