வாயாடியின் கணக்கு நோட்டு

"உன் பொண்ணு ஒருத்திதான் மூளையோட பொறந்தாளா? எங்க வீட்டுப் பிள்ளைங்க மண்டையில என்ன, பஞ்சா இருக்கு?"

கீழ் வீட்டு பார்லர்காரி படிக்கட்டின் முதல் வளைவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். யாருடைய தலைக்கோ சாயம் தடவிக்கொண்டிருந்தவள், கறுத்த கையுறையைக்கூடக் கழற்றாமல் கிளம்பி வந்திருக்கிறாள். அந்த யாரோ ஒருத்தி பாதிச் சாயத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். இப்படி ஒரு சண்டைக்குத் தலைமுடி வெந்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருப்பாள்.

"உங்க பொண்ணைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா எழுதலைக்கா," என்றாள் மூன்றாம் மாடிக்காரி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி.

"எழுதலையா? 'இணைப்பு இரண்டு'ன்னு போட்டு எம்பொண்ணு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கியே! அவ என்ன பார்சலா? காப்பியடிச்சான்னு ஒரு வாரம் கிளாசுக்கு வெளியில நிக்கச் சொல்லிட்டாங்க. உன்னைக் கூடப்பொறந்தவன்னு நெனச்சு என் பிள்ளைய உன் வீட்டுல விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு, ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

மூன்றாம் மாடிக்காரிக்குக் கட்டடம் வைத்த பெயர் ரசீதம்மா. தபால் ஆபீசில் பதிவுத் தபால் கவுண்டரில் பன்னிரண்டு வருஷம். கையெழுத்து இல்லாத எதுவும் அவள் கணக்கில் நடந்ததே இல்லை. குழாய் ரிப்பேர்காரனிடமே "எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டவள். பள்ளிக்கூடம் அவள் வீட்டிலிருந்து இருநூறு அடி. பால்கனியில் நின்றால் மணி அடிப்பது கேட்கும். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான், வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டையோடு, பதிவுத் தபாலில், ஒன்றல்ல இரண்டல்ல, பதின்மூன்று கடிதம் போட்டிருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய ஒரே மகள், எட்டு வயது, பொடிசு என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் மிஸ் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். மற்ற பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அவளைக் கடைசி பெஞ்சில், சுவரைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். தினமும் அரை மணி நேரம். "அந்தச் சுவத்துல நூத்துப் பன்னெண்டு ஓட்டை இருக்கும்மா," என்று ஒரு நாள் பொடிசு சொன்னாள், புகாராக அல்ல, தகவலாக. அன்றே முதலாவது கடிதம் கிளம்பியது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மாதத்தில் இருபது நாள் வெளியூர். "அடுத்தவங்களை மேல ஏத்தி விடறதுதான் எனக்குத் தொழிலு. நம்ம வீட்டுல அதை நீ பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

தலைமையாசிரியை பதின்மூன்று முறை கையெழுத்துப் போட்டு வாங்கி, பதின்மூன்று முறை ஒரே பதிலைச் சொன்னார். "எல்லா அம்மாவுக்கும் அவங்க பிள்ளை மேதைதாங்க. ஆதாரம் ஏதாவது இருக்கா?"

ஆதாரம் என்ற சொல்லை ரசீதம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஆதாரம் சாப்பாட்டு மேஜையிலேயே இருந்தது. பார்லர் மூட எட்டு மணி ஆகும் என்பதால் பார்லர்காரியின் மகள், பொடிசின் வகுப்பிலேயே படிப்பவள், தெருவே வாயாடி என்று அழைக்கும் பெண், சாயங்காலம் மூன்றாம் மாடியில்தான் கிடப்பாள். வாயாடி பேசிக்கொண்டே இருப்பாள். பொடிசு இரண்டு பேர் நோட்டிலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள். பொடிசுக்கு வேறு சிநேகிதி கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ரசீதம்மாவுக்கு விஷயம் பிடிபட்டது. இருபத்தைந்தைப் பதினாறால் பெருக்க வேண்டும். தன் நோட்டில் பொடிசு இருபத்தைந்தை நாலால் பெருக்கி, வந்த நூறை மறுபடி நாலால் பெருக்கி, ஒரே வரியில் நானூறு என்று முடித்திருந்தாள். வாயாடி நோட்டில் பள்ளிக்கூட வழியில், ஒன்றன்கீழ் ஒன்றாக, அழித்து அழித்து. அதோடு, மேலே போட்ட மீதி எண்ணைக் கூட்ட மறந்து ஒரு தப்பு. வாயாடி எப்போதும் தப்பு விடும் அதே இடத்தில், அதே தப்பு. மிஸ்ஸுக்குச் சந்தேகம் வரக் கூடாதே!

எட்டு வயதில் இன்னொருத்தியின் தப்பைப் போட்டுக் காட்ட எவ்வளவு மூளை வேண்டும்? மறுநாள் மதியம் இரண்டு நோட்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்தாள். பதினாலாவது கடிதம். இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு. காணாமல்போன பார்சலுக்குப் புகார் எழுதுகிற கையல்லவா, ஒன்றையும் விடவில்லை. இரண்டாவது நோட்டுக்கு ஒரு சொந்தக்காரி உண்டு என்பது மட்டும் அந்தக் கைக்குத் தோன்றவில்லை.

கடிதம் பலித்தது. திங்கட்கிழமையிலிருந்து பொடிசு ஐந்தாம் வகுப்பு. அதே காகிதத்தின் பலத்தில் வாயாடி வகுப்புக்கு வெளியே. அதற்குத்தான் படிக்கட்டில் அந்தக் கூச்சல்.

"அக்கா, நான் பேசிப் பாக்கறேன் ஸ்கூல்ல..."

"ஒண்ணும் வேணாம். பேசறதுக்கும் ரசீது கேப்பே நீ." பார்லர்காரி இறங்கிப் போனாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் மூடின.

அதற்குப் பிறகு ரசீதம்மா படியேறினால் பேச்சு நிற்கும், இறங்கினால் தொடரும். "மேதையோட அம்மா போறாங்க, வழி விடுங்கடி," என்று முதல் மாடித் தையல்காரி ஒரு நாள் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். ரசீதம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒத்துழைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு பெஞ்ச் உயரம். பொடிசின் கால் தரையைத் தொடவில்லை. கணக்கில் அங்கேயும் அவள்தான் முதல். மதியம் டப்பாவைத் திறந்து, சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிடுகிறாள் என்று பள்ளிக்கூட ஆயா வந்து சொன்னாள். இந்த முறை யாரும் அவளைத் திரும்பி உட்காரச் சொல்லவில்லை.

"ஸ்கூல் எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"கணக்கு?"

"நல்லா இருக்கு."

ஓட்டை எத்தனை என்று சொல்லவில்லை. ரசீதம்மாவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தவள், அடியில் ஒரு நோட்டைப் பார்த்தாள். அட்டையில் பொடிசின் கையெழுத்தில் 'வாயாடி' என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் பயிற்சிகள், வரிசையாக. பாதிக் கணக்கு தப்பு. ரசீதம்மா முதலில் நோட்டை மூடி அட்டையை மறுபடி பார்த்தாள். இதற்கா பதினாலு கடிதம்? பிறகுதான் புரிந்தது. எல்லாம் ஒரே தப்பு. மீதி எண்ணைக் கூட்ட மறக்கிற தப்பு. பக்கம் புரட்டப் புரட்டத் தப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. யாருக்கும் காட்டாமல், வாயாடி போடுகிற மாதிரியே போட்டுப் போட்டு, கூட உட்காராத ஒருத்தியைப் பொடிசு மெல்ல மெல்லத் தேற்றி விட்டிருந்தாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழ் வீட்டு மணிக்குப் பக்கத்தில் விரல் போயிற்று. உள்ளே டிவி சத்தம், வாயாடியின் பேச்சு, பார்லர்காரியின் சிரிப்பு. ரசீதம்மா விரலை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். கதவு மூஞ்சியில் சாத்தப்பட்டால் அதற்கு எந்த அட்டையில் கையெழுத்து வாங்குவது?

மறுநாள் தன் கவுண்டரிலேயே நோட்டை உறையில் போட்டாள். "தப்பு என்னோடது. பிள்ளைங்களோடது இல்லை," என்று ஒரு துண்டுக் காகிதம். அனுப்புநர், மூன்றாம் மாடி. பெறுநர், கீழ்த்தளம். கட்டடம் ஒன்றே.

தபால்காரர் முகவரியை இரண்டு தரம் படித்தார். "மேடம், ஒரு எட்டு இறங்கிக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே?"

"நீங்க குடுங்கண்ணே. அட்டையை மட்டும் மறக்காம வாங்கிட்டு வந்துருங்க."

அட்டை வந்தது. பெற்றவர் கையெழுத்து என்ற கோட்டின் மேல், கொட்டை கொட்டையான எழுத்தில், வாயாடி தன் முழுப் பெயரை எழுதியிருந்தாள். வேறொன்றும் வரவில்லை. ரசீதம்மா ஒரு வாரம் சாயங்காலங்களில் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். கொசுதான் வந்தது.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை பார்லர்காரி வீட்டைக் காலி செய்தாள். பெரிய கண்ணாடிகளையும் சுழல் நாற்காலியையும் லாரியில் ஏற்றினார்கள். வாயாடி லாரியின் முன்சீட்டில் ஏறும்போது தலையைத் தூக்கி மூன்றாம் மாடி பால்கனியைப் பார்த்தாள். அங்கே ரசீதம்மாதான் நின்றிருந்தாள். பொடிசு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போட்டிக்குப் போயிருந்தாள், முதல் பரிசு.

அன்றைக்கு ராத்திரி பொடிசு பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினாள். "அம்மா, பழைய நோட்டு ஒண்ணு வெச்சிருந்தேனே, பாத்தியா?"

"எதுடா?"

பொடிசு அம்மா முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லை," என்றாள். அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பொடிசு பதினாலு வயதில் உதவித்தொகையோடு ஹாஸ்டலுக்குப் போனாள், அங்கிருந்து கடல் தாண்டி. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "நல்லா இருக்கேன்மா" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்றதும் சாமான்களோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை, மூன்று மாடி ஏற முழங்கால் விடவில்லையாம். முதல் மாடித் தையல்காரியின் மகன் வேலை கிடைத்த ஊரிலேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டான். பார்லர் இருந்த கீழ் வீட்டில் இப்போது இரண்டு பிரம்மச்சாரிகள்.

வாயாடிக்கும் கல்யாணம் ஆகிவிட்டதாம், மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்று தபால்காரர்தான் வந்து சொன்னார்.

"பத்திரிகை ஏதும் வந்துச்சாண்ணே, எனக்கு?"

"பதிவுத் தபால்ல ஒண்ணும் வரலை மேடம்."

"சாதாரணத் தபால்ல?"

அவர் பையைத் திறந்து, இல்லையென்று தெரிந்தும், ஒரு முறை தேடிப் பார்த்தார்.