ஓய்வுபெற்ற உளவாளியின் மனைவி

காதல் இல்லை, குடும்பம் இல்லை, துப்பாக்கி மட்டும்தான் என்று போஸ்டரைப் பார்த்தே முடிவுகட்டி, மச்சினன் அவனை அந்தப் படத்துக்கு இழுத்து வந்திருந்தான். மனைவி இறந்துபோனதிலிருந்து அவன் அழவில்லை, பேச்சும் நின்றுபோயிருந்தது. அழுத்தக்காரன் என்றது சொந்தம். "நாலு வார்த்தை பேச வச்சுக் கூட்டிட்டு வாடா" என்று மாமியார் மகனிடம் சொன்னது அடுக்களையிலிருந்து அவன் காதிலும் விழுந்திருந்தது.

படத்தில், வேலையை விட்டுவிட்டு, மனைவியும் ஒரு நாயுமாகத் தச்சு வேலை பார்க்கும் முன்னாள் உளவாளி. பாப்கார்ன் ஆறுவதற்குள் அவன் மனைவியைச் சுட்டுவிட்டார்கள்.

மச்சினன் நெளிந்தான். "அத்தான், சத்தியமா தெரியாது. கிளம்பிடலாமா?"

"உக்காரு. பாதியில எந்திரிச்சா உங்கக்காவுக்கு யாரு கதை சொல்றது?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அவள் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. விளக்கணைந்தால் தூங்கிவிடுவாள். வீடு திரும்பும் வழியில் அவன் கதை சொல்வான். படம் மட்டமென்றால் ஓட்டைகளை அடைத்து, முடிவை மாற்றிச் சொல்வான். மறுநாள் அவள் ஊரெல்லாம் "நல்ல படம்" என்பாள்.

திரையில் உளவாளி மனைவியைப் புதைத்தான். அடுத்த காட்சியில் சவரம் செய்து கோட்டு மாட்டிவிட்டான். துரோகி பழைய மேலதிகாரிதான் என்பது அவர் கண்ணாடியைத் துடைத்தபோதே தெரிந்துவிட்டது. இயக்குநர் மட்டும் கடைசிவரை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். மச்சினன் வாய் பிளந்து தூங்கி, இவன் தோளில் சாய்ந்தான். குடும்பப் பழக்கம். தோளை அசைக்காமல் இவன் கவனமாகப் பார்த்தான்.

திரும்பும்போது, வண்டியை ஓட்டியபடி மச்சினன் கேட்டான்: "கடைசியில என்ன ஆச்சு அத்தான்?"

வாய் தானாகத் திறந்துகொண்டது. துரோகியைச் சொன்னான். துரத்தலைச் சொன்னான்.

"அதுவரைக்கும் அந்த நாய்க்கு யாரு சோறு போட்டா?"

"பக்கத்து வீட்டுக்காரி." படத்தில் பக்கத்து வீடே கிடையாது. "அப்புறம், பொண்டாட்டி சாகல."

"நான் முழிச்சுத்தானே இருந்தேன். மூஞ்சியக் காட்டினாங்களே."

"அது நாடகம். எதிரிங்க நம்பணும்ல."

வண்டியின் வேகம் குறைந்தது. மச்சினன் மெல்லக் கேட்டான்: "அப்புறம்?"

"கதவத் தட்டுறான். அவ வந்து தொறக்கிறா."

"என்ன சொல்றா?"

எத்தனையோ படங்களை ஒப்பேற்றியவன்தான். அவள் வாயில் வைக்க ஒரு வசனம் தேடினான். சிக்னல் விழுந்து, மாறி, வண்டி மறுபடி நகர்ந்தது. கண் வறண்டே இருந்தது.

"தெரியலடா."

வாசலிலேயே நின்றிருந்த மாமியார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான்.

"பேசினாரா?"

"பேசினாரும்மா."

"படம் எப்படி?"

மச்சினன் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான்.

"நல்ல படம்" என்றான்.