ஸ்டாண்ட்பையில் இருந்த அப்பா

கண்ணாடி ஆலையில் உலையின் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்ட்ருமென்ட்காரர், பேனலுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே ஒரு மாலை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் இரண்டு பேர். ஆலையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே உலை அணைந்ததே கிடையாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி பாறையாக இறுகிவிடும், உலையையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் உலையைக் கவனிக்கும் கன்ட்ரோலர் பெட்டிகள் ஜோடி ஜோடியாக இருக்கும்: ஒன்று ஓட்டும், ஸ்டாண்ட்பையில் இருக்கும் மற்றது அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே நகல் எடுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் புதிதாக வந்தால் முதலில் சும்மா இருப்பதில் ஏற்றி, கண் மூடித் திறப்பதற்குள் பொறுப்பை அதனிடம் மாற்றிவிட்டு, பிறகு பழையதற்கும் ஏற்ற வேண்டும். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுகிற இந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று மனைவி போன் செய்த அன்றும் ஒரு கன்ட்ரோலர் பாதி ஏற்றத்தில் இருந்தது. எழுந்து போகவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் அவர் இரண்டானார். பாதுகாப்புப் பிரிவு இன்னொரு ஹெல்மெட் கொடுத்ததோடு சரி.

வருடங்கள் ஓடின. ஆலையில் இருந்தவர் சாப்பாடும் குளியலும் அங்கேயே என்று உலை வெக்கையில் வற்றிப்போனார். ஃபர்ம்வேர் மேல் ஃபர்ம்வேராக வந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டிக்கு ஏற்றி முடிப்பதற்குள் முதல் பெட்டியில் இருப்பது பழசாகிவிடும். வீட்டில் இருந்தவருக்குத் தொப்பை போட்டது. அவர் மகளுக்குத் தலை பின்னிவிட்டார், கரண்ட் பில் கட்டினார், எது கேட்டாலும் சரி என்றார். ஸ்டாண்ட்பையின் குணம் அதுதான்: பார்த்துக்கொண்டிருக்கும், முடிவெடுக்காது.

மகளுக்குத் தொலைதூர ஊரில் வேலை கிடைத்தபோது மனைவி ஆலைக்குப் போன் செய்தாள்.

"அவ போறேங்கறா. எனக்கு மனசே இல்ல. இவர்கிட்ட கேட்டா உங்க இஷ்டம்ங்கறார். அது அவளுக்கும் பிடிக்கல. சண்டை போட்டு ஜெயிச்சுப் போகணும்னு பாக்கறா, எதிர்ல ஆளே இல்லாம எப்படிங்க ஜெயிக்கறது? ஒரு வாரமா இவர்கூடப் பேசறதில்ல. இப்படியே போனா திரும்பி வரமாட்டா."

"இங்க உலை..."

"உலைய நான் கட்டிக்கலைங்க."

மறுநாள் ஆலையில் இருந்தவர், வீட்டில் இருந்தவரை வரவழைத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பொறுப்பை மாற்றுவதற்கு முன் இரண்டும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பேற்கும் பெட்டி ஒன்றும் தெரியாத வெறும் மண்டையுடன் தொடங்கி வால்வுகளையெல்லாம் மூடிவிடும். ஷிஃப்ட் இன்சார்ஜ் டீயோடு வந்து, "எந்த அண்ணனுக்குச் சர்க்கரை இல்லாம?" என்று கேட்டார்.

"தொப்பை இருக்கறவருக்கு."

மாலைக்குள் தொப்பைக்காரர் தீயின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொன்னார். ஆனால் நகல், ஓட்டுகிறவரிடமிருந்து ஸ்டாண்ட்பைக்குத்தான் போகும், எதிர்த்திசையில் வராது. வீட்டைப் பற்றி ஒரு துளியும் ஆலைக்காரருக்கு வரவில்லை. அது தெரிந்தேதான் எழுந்தார். தொப்பைக்காரர் நாற்காலி மாறி உட்கார்ந்தார். பேனலில் ஒரு முள்கூட அசையவில்லை.

வீட்டு வாசலில், செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்த பெண் அவர் உயரம் இருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என்ன வேலை, எந்த ஊரு, முதல்லேர்ந்து சொல்லு."

சொன்னாள். பாதியில் அவருக்குக் கண் செருகியது. உலுக்கி எழுப்பி மீதியைச் சொன்னாள். கேட்டு முடித்தவர், "வேணாம், போகாதே" என்றார்.

"இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க? இப்ப வந்து வேணாங்கறீங்க."

"வந்ததாலதான் சொல்றேன். நீ இருக்கணும் எனக்கு."

குரல்கள் ஏறின. ஒரு தட்டு உருண்டது. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். "மாசாமாசம் வந்து மீதிச் சண்டையப் போடறேன்" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் பெட்டி கட்டப் போனாள். அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக, என்ன சத்தம் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, அவங்க அப்பா வந்திருக்கார்" என்றாள் மனைவி.

"அப்போ இத்தனை நாளா இருந்தவர்?"

"அவர் வேலைக்குப் போயிருக்கார்."

அந்த அம்மாள் சரியென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.