காணாமல் போன நானூறு கோப்புகள்

‘முடிவுகள்’ என்ற ஃபோல்டர் துடைத்துவைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது. நானூறு பாக்டீரியாக்களின் மரபணு ஆய்வு. வெள்ளிக்கிழமை ஓடவிட்டது. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று திரை வேறு பல்லிளித்தது. இன்று, திங்கட்கிழமை, மூன்று மணிக்குள் ஆராய்ச்சி மாணவியான அவள் கோப்புகளைக் கொடுக்காவிட்டால், கட்டுரையில் முதல் பெயர் பேராசிரியருடைய தங்கை மகனுக்குப் போய்விடும்.

துறையின் பொதுக் கணினியான சர்வர் அவளுடைய கோப்புகளை விழுங்கிவிட்டதாகத் துறை முழுவதற்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். பழியை எங்காவது இறக்கிவைத்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா காபிக் கோப்பையோடு வந்தாள்.

"என் சர்வர் தின்னுடுச்சாமே? நகருடி."

"பத்து தடவ பாத்துட்டேன்க்கா. ஒண்ணுமே இல்ல."

"நீ எங்க எழுதச் சொன்னியோ அங்கதான் அது எழுதும். உன்ன மாதிரி சொந்தமா யோசிச்சு வம்புல மாட்டாது."

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "என்னம்மா, கெடைச்சுதா? இல்ல, என் தங்கச்சி பையன்கிட்டயே குடுத்துடவா?"

ஃபோல்டரின் பெயர் எதுவானாலும் சரி என்று, கடந்த மூன்று நாளில் எழுதப்பட்ட கோப்புகள் எல்லாவற்றையும் தேடச் சொன்னாள் அக்கா. வரிகள் கடகடவென்று இறங்கின. நானூறும் இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஃபோல்டர் பெயர்: வெட்டிஜம்பம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "உன்னவிட என் தங்கச்சி பையன் நல்லா கமாண்ட் அடிப்பான்" என்றிருந்தார் பேராசிரியர். அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே இடத்துக்கு வந்து, கோப்புகள் போய்ச் சேர வேண்டிய ஃபோல்டருக்கு மனதில் இருந்ததைப் பெயராக அடித்திருக்கிறாள். இரண்டே நாளில், தனக்குக் கோபமே வரவில்லை என்று நம்பியும்விட்டாள். இயந்திரம் நம்பவில்லை.

"யாருக்கும்மா ஜம்பம்?" என்றார் பேராசிரியர், திரையைப் பார்த்தபடி.

அக்கா காபியை நிதானமாக உறிஞ்சினாள். அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு அவள் துணைக்கு வரமாட்டாள்.

‘சும்மா டெஸ்ட்டுக்கு வெச்சது சார்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அந்தப் பழைய சிரிப்பும்.

"உங்களுக்குத்தான் சார். கோவத்துல வெச்சேன். நானூறும் சரியா இருக்கு. மணி இன்னும் மூணு ஆகல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். துடைத்த பிறகும் திரையில் அதேதான் இருந்தது.

"ஃபோல்டர் பேர மாத்தி அனுப்பு. கட்டுரையில உன் பேருதான் முதல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"அப்படியே என் சர்வர்கிட்டயும் ஒரு மன்னிப்பு" என்றாள் அக்கா. "துறை முழுக்க."

‘சர்வர் எதையும் விழுங்கவில்லை. விழுங்கியவள் நான்’ என்று அடித்தாள். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, இனி பொருந்தாத இரண்டாவது வாக்கியத்தை மட்டும் அழித்தாள்.