இரண்டு நாற்காலிக்காரன்

அன்று காலை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அரசுத் துறையின் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த என் மகன், என் மகளைத் தங்கள் மகனுக்குக் கேட்டு வந்தவர், அவர் மனைவி. மகள் உள்ளறையில் இருந்தாள், கதவு திறந்திருந்தது. தானும் இருந்ததாக எதிர்வீட்டுத் தையற்காரர் சொல்லிக்கொள்கிறார். அவர் இல்லை.

நாங்கள் கொடுத்த தண்ணீரை வந்தவர் தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. தம்பிய அங்கேருந்து துரத்திட்டாங்கன்னு பேச்சு. இங்க துறையில எங்க ஆளு ஒருத்தன், காலி நாற்காலியில தம்பி பேரை ஒட்டியிருக்கறதைப் பார்த்திருக்கான். எதுலயாவது கை வெச்சுட்டாரா?"

எங்கள் குடும்பத்தில் எவனும் அரசாங்கப் பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. இந்தப் பழி நிலைத்தால் மகளின் கல்யாணம் நின்றுவிடும்.

"போன் போடுடா. எல்லாரும் கேக்கட்டும்" என்றேன் மகனிடம்.

முதலில் துறை. பிரிவு அதிகாரியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அவரை இங்க திருப்பி அனுப்ப முடியுமான்னு வெளிநாட்டு ஆபீஸக் கேட்டிருந்தோம் சார். இங்க ஆள் தேவை. பதில் வரல. பதில் வரலன்னா சம்மதம், அதுதான் எங்க வழக்கம். நாற்காலி போட்டாச்சு, ஆளைத்தான் காணோம்!"

மகன் முகம் வெளுத்தது. அவனுக்கே இது புதுச் செய்தி.

அடுத்து வெளிநாட்டு அலுவலகம். அங்கே அவனுடைய மேலதிகாரி பேசினார்.

"திருப்பி அனுப்பறதா? முடியாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டோமே."

"துறைக்குச் சொன்னீங்களா?" என்றேன்.

"எதுக்கு? நாங்க பதில் போடலன்னா மறுப்புன்னு அர்த்தம். லீவு முடிஞ்சதும் வரச் சொல்லுங்க. வேலை மலையாக் கெடக்கு."

மகன் போனை வைத்தான். "அப்பா, அப்போ நான் இப்ப எங்க வேலை பாக்கறேன்?"

எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விருந்தினர் முன்னால் அதைச் சொல்ல முடியுமா?

"நிமிர்ந்து உக்காரு" என்றேன்.

"ரெண்டு ஆபீஸ் இவனுக்காக அடிச்சுக்குது. வீட்ல ஒரு பல்பு மாத்தச் சொன்னா ஆளக் காணோம்" என்றாள் என் மனைவி.

வந்தவரின் மனைவி சிரித்துவிட்டார். வந்தவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானாகக் கேட்பது மரியாதை இல்லை என்று பொறுத்திருந்தேன். என் மனைவிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"பேசாம இருக்கீங்களே அண்ணே, இது வெளிநாட்டு ஆபீஸ் மௌனமா, இங்க துறையோட மௌனமா?"

அவர் தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"துறையோட மௌனம்தான், தங்கச்சி" என்றவர், என் பக்கம் திரும்பி, "அவரைத் துரத்தலன்னு மட்டும் புரியுது சம்பந்தி. மத்தது ஒண்ணும் புரியல" என்றார்.

உள்ளறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

என் மகன் இப்போது எந்த நாட்டில் பணியில் இருக்கிறான் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் அவனை வேலையைவிட்டு நீக்கினார்கள் என்று தெருவில் சொல்வது பொய். அவனை யாரும் நீக்கவில்லை.