நோயற்றோர் பதிவேடு

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் கண்நோய் புகுந்த நான்காம் நாள், கண்காணிப்பாளர் ஒரு பதிவேட்டைத் திறந்தார். நோயுற்றோர் வீட்டிலேயே இருக்கலாம். நோயற்றோர் காலையில் வந்ததும், 'எனக்குக் கண்நோய் இல்லை' என்னும் வரிக்கு எதிரே கையொப்பமிட வேண்டும். அதற்கென ஒரே ஒரு பேனா, சணல் கயிற்றால் மேசைக்காலில் கட்டப்பட்டிருந்தது. ஒரே பதிவேட்டில் இரண்டு மை இருந்ததை எப்போதோ ஒரு தணிக்கையாளர் கண்டித்திருந்ததால், சொந்தப் பேனாவுக்கு அனுமதி இல்லை.

இருபத்திரண்டு கையொப்பங்களோடு தொடங்கிய பதிவேடு, ஒன்பதாம் நாள் ஏழுக்கு இறங்கியிருந்தது.

விடுப்பு முடிந்து திங்களன்று திரும்பிய தட்டச்சரின் இருக்கை அந்த மேசைக்கு நேரெதிரே இருந்தது. வருகிறவர் கண்ணைக் கசக்குவார், கையொப்பமிடுவார். அடுத்தவர் கையொப்பமிடுவார், பிறகு கண்ணைக் கசக்குவார். மூன்றாம் நாள் அவர் வரமாட்டார். கைகழுவவும் வழியில்லை. குடிநீர் இணைப்பு அலுவலகம் தனக்கு இணைப்புக் கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

தட்டச்சர் அந்தப் பேனாவைத் தொடவில்லை. தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தை ஐந்து வாரமாக மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை பெரியம்மாவான அவர் முதன்முறையாக அதைத் தொடலாம். கண்நோய் இருக்கக்கூடாது, இல்லை என்பதற்கு அலுவலக முத்திரையிட்ட சான்றும் வேண்டும். தவறினால் அடுத்த மாதம்தான்.

வியாழனன்று கண்காணிப்பாளர் அழைத்தார். கண்நோய் பார்வையால் பரவுகிறது என்று முடிவுசெய்திருந்ததால் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்.

"ஏம்மா, நாலு நாளா உங்க கட்டம் காலியா இருக்கு. இப்படி இருந்தா எப்படிம்மா சான்று தர்றது?"

"அந்தப் பேனாவைத் தொட்டா எனக்கும் வந்துடும் சார்."

"நோய் இல்லாதவங்க மட்டும்தாம்மா அதைத் தொடுறாங்க. அதுல எப்படி நோய் இருக்கும்?"

அந்நேரம் அனுப்புகைப் பிரிவு எழுத்தர் வந்தார். இடது கண் சிவந்து நீர் வடிந்தது.

"தூசிக்கா, வெறும் தூசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

"இதே தூசி இந்த வாரம் மூணு பேருக்கு விழுந்துச்சேப்பா!"

"கண்ணு வைக்காதீங்கக்கா."

தட்டச்சர் பேனாவைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்து ஒருமுறை எழுதிப் பார்த்தார். கண்காணிப்பாளர் மாதிரிக் கையொப்பத்தை எடுத்து ஒப்பிட்டார்.

"சுழி ஒத்துவரலையேம்மா. இது வேற யாரோ போட்டது மாதிரி இருக்கு."

கைக்குட்டையைக் குப்பைக்கூடையில் போட்டபோது, அலமாரியில் உறை பிரிக்காத ஸ்டாம்ப் பேடு ஒன்று தட்டச்சரின் கண்ணில் பட்டது.

"சார், எழுதத் தெரியாதவங்க என்ன பண்ணணும்?"

"கைநாட்டு வைக்கலாம். விதியிலேயே இருக்கு."

"அப்போ எனக்கு எழுதத் தெரியாது சார்."

கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஒரு விதியும் குறுக்கே நிற்கவில்லை.

"சான்றுல, 'எழுதப் படிக்கத் தெரியாதவர்'னு போடணுமே. பரவாயில்லையா?"

"தாராளமா போடுங்க சார்."

"அதைத் தட்டச்சு பண்ணணுமேம்மா."

தட்டச்சர் போய் உட்கார்ந்து, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை இரண்டு படிகளில் தட்டச்சு செய்துகொண்டு வந்து, புது ஸ்டாம்ப் பேடைப் பிரித்துப் பதிவேட்டில் கைநாட்டும் வைத்தார். கண்காணிப்பாளர் வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"ஒரு பிழைகூட இல்ல" என்று பாராட்டிவிட்டு முத்திரையிட்டார்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் நீண்ட வரிசை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தனர். வரிசையின் முனையில் ஒரு மேசை, மேசைமேல் படிவங்கள், படிவங்களின் அருகே, நைலான் கயிற்றில் கட்டிய ஒரு பேனா.

"பேர், உறவு, கையெழுத்து. சீக்கிரம் எழுதுங்கக்கா" என்றார் செவிலியர்.

தட்டச்சர் சான்றை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதைத் தாடையால் காட்டினார். செவிலியர் படித்தார்; முகம் இளகியது. தம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துத் தாமே படிவத்தை நிரப்பினார்.

"இந்தக் காலத்துல ரெண்டு எழுத்தாவது கத்துக்கிட்டிருக்கலாமேக்கா."

"பாப்பா பள்ளிக்கூடம் போகட்டும் சிஸ்டர். கூடவே உக்காந்து கத்துக்கறேன்."

உள்ளே குழாயில் தண்ணீர் வந்தது. தட்டச்சர் மூன்றுமுறை சோப்புப் போட்டுக் கழுவினார். கட்டைவிரலின் நீலம் மட்டும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியே கையை நீட்டினார். குழந்தை எல்லா விரல்களையும் விட்டுவிட்டு அதைத்தான் பிடித்துக்கொண்டது.