நாங்கள் என்றொரு விடை

சாக்கோப் பெருவெளியில் மூன்று நாளாக வடகாற்று ஓயவில்லை. முள்மரங்களின் இலைகளை உதிர்த்து, வெந்து பொடியான மண்ணை வாரியிறைத்து, நண்பகலையே அந்திபோல் மங்கச் செய்த அக்காற்றினிடையே, பொலிவியாவோடு போரிட்ட பராகுவாய்க் காலாட்படைப் பிரிவொன்று தான் தோண்டிய நெடுங்குழிக்குள் நாவறண்டு கிடந்தது. மாட்டுக்கொம்பில் இட்டுத் தண்ணீர் வார்த்துத் தேநீர்போல் உறிஞ்ச வேண்டிய இலையை வீரர்கள் வெறும் வாயிலிட்டு மென்றனர். பகைவரின் குண்டைவிட அவர்களை மிகுதியும் கொன்றது தாகமே, அன்பரே. அதற்கு அஞ்சாதவன் அங்கு ஒருவனும் இல்லை.

முன்முனையில் காவலிருந்த கபினோவின் அச்சமோ வேறு. நீர் தேடி முந்தைய நாள் விடியலில் புறப்பட்ட ஐவருள் அவன் அண்ணன் அன்செல்மோவும் ஒருவன், இன்னும் மீளவில்லை.

"குளத்தைப் பாத்ததும் குப்புற விழுந்து குடிச்சிருப்பான் உங்கண்ணன். வயிறு ஊதி, நடக்க முடியாம உருண்டு வரான்போல," என்றான் அருகிலிருந்த தோழன் இசிதோரோ.

"வாயை மூடு. எச்சிலாவது மிஞ்சும்."

படைத்தலைவர் ஓர் ஆணை இட்டிருந்தார். நெருங்குபவனை "யார்?" என வினவ வேண்டும், "நாம்" என்று விடை வந்தால் விட வேண்டும், வேறெது வந்தாலும் சுட வேண்டும். பொலிவிய ஒற்றர் சிலர் பராகுவாயரின் தாய்மொழியான குவரானியைக் கற்றிருந்தனர். ஆயினும் கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', அவனை விலக்கிவைக்கும் 'நாங்கள்' என்னும் இரண்டும் நம் தமிழிற்போலவே பிரிந்து நிற்கும் அம்மொழியில், எசுப்பானியம் பேசி வளர்ந்த நாக்கு எப்படியும் தடுமாறும். குவரானித் தாயிடம் வளர்ந்தவனோ உறக்கத்திலும் தவறான்.

புழுதிக்குள் உருவங்கள் அசைந்தன. கபினோ எண்ணினான், ஐந்து! அவன் நெஞ்சு மகிழ்ச்சியால் துள்ளியது.

"யாரு?"

 புழுதிக்குள்ளிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"நாங்க."

"அண்ணே! சரியாச் சொல்லு! யாரு?"

"நாங்கதான்டா தம்பி. நாங்க!"

"தாகத்துல நாக்கு பெரண்டுருச்சுடா, சுட்டுராதே!" என்று இசிதோரோ அவன் தோளைப் பற்றினான்.

 ஒருமுறை தவறினால் தாகம் எனலாம். தம்பி என்று தெளிவாக அழைத்துவிட்டு, அழுத்தந்திருத்தமாக மறுமுறையும் தவறுவானா அண்ணன்? அவன் விலக்கிவைக்கிறான், வேண்டுமென்றே விலக்கிவைக்கிறான் என்பது விளங்கியபோது, அதைவிடக் கொடிய தெளிவு உலகில் இல்லையென்று தோன்றியது. கண்களை மூடாமலே சுட்டான். அடுத்த கணம் குழியிலிருந்த துப்பாக்கிகள் அனைத்தும் வெடித்தன.

காற்றுத் தணிந்தபின் சென்று பார்த்தனர். அன்செல்மோவின் கைகள் முதுகுப்புறம் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. நீர் தேடிப் போன தோழர்களின் சட்டைகளை அணிந்த நான்கு பொலிவியர், கைக்குண்டுகளைப் பற்றியபடியே அவன் பின்னால் விழுந்து கிடந்தனர்.

"உன் குண்டு படலடா," என்று இசிதோரோ அழுதான். "அந்தக் காத்துல எங்கயோ விலகிப் போயிருக்கும்."

"இல்லடா. நல்லாக் குறி பாத்தேன்," என்றான் கபினோ, கம்பியை அவிழ்த்துக்கொண்டே. "ரெண்டாவது குண்டு தேவைப்படக் கூடாதுன்னு பாத்தேன்."

அன்று இருநூற்றுவர் பிழைத்தனர். பிழைத்தவரெல்லாம் அன்செல்மோவின் பெயரைச் சொல்லி வாழ்நாள் முழுதும் நன்றி பாராட்டினர். கபினோ மட்டும் தனக்குக் கிடைத்த உயிரை அண்ணனிடமே திருப்பிக் கொடுக்க வழி தேடிக் கிழவனானான்.